உயிர்த்தெழுதலுக்கு அடுத்த வரி

பிரியமானவர்களே, ஈஸ்டர் விடியலில் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். மாலை போடுகிறோம், பாடுகிறோம், கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று ஒருவருக்கொருவர் கை கொடுக்கிறோம். எட்டு மணிக்குள் வீடு திரும்பி அடுப்பில் கறி வைக்கிறோம். தப்பில்லை. ஆனால் சொன்னது இன்னதென்று தெரிந்துதான் சொன்னோமா? தெரிந்திருந்தால் இவ்வளவு நிம்மதியாக எப்படித் திரும்பினோம்?

கொரிந்து சபையை எண்ணிப் பாருங்கள். கி.மு. 146-இல் ரோமர் பாழாக்கிய பட்டணம் அது. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதை மறுபடி குடியேற்றினார்; வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். நூறு வருஷத்துக்குள் கடல் வாணிபத்தில் கொழுத்துவிட்டது. அங்கே ஒன்றரை வருஷம் தங்கிச் சபையை நாட்டிய பவுல், கி.பி. 55 வாக்கில் எபேசுவிலிருந்து எழுதுகிறார். கிறிஸ்து எழுந்தார் என்பதை அந்தச் சபை மறுக்கவில்லை. தாங்கள் எழுவோம் என்பதைத்தான் அவர்களில் சிலர் மறுத்தார்கள். ஆத்துமாதான் பெரிது, உடல் கழற்றிப் போடும் சட்டை என்ற எண்ணம் அந்த ஊர்க் காற்றிலேயே இருந்தது.

சட்டைதானே என்று ஆனபின் அதை எங்கே கொண்டுபோனால் என்ன? விலைமாதர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சகோதரன்மேல் வழக்குப் போட நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். கர்த்தருடைய பந்திக்கே கொண்டுவந்து, வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்தான்; இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருந்தான். இத்தனையும் ஒரே நிருபத்தில் இருக்கிறது. உடல் எழாது என்ற சின்னப் பிசகு சாப்பாட்டுத் தட்டில் போய் முடிந்தது.

நம் விசுவாசப் பிரமாணத்தைத் திரும்ப ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஆத்துமா தப்பித்துப் போகும் என்றா இருக்கிறது? சரீரம் எழும் என்றல்லவா இருக்கிறது! தோமாவுக்குக் காட்டிய கைகளை நினையுங்கள். மரணத்தை வென்ற அந்த உடலில் ஆணித் தழும்பு மறையவில்லை. மனிதர் ஓர் உடலுக்குச் செய்ததை உயிர்த்தெழுதல் துடைத்து எடுத்துவிடவில்லை. வெளிச்சத்தில் கொண்டுவந்து காட்டியது.

அப்படியானால் நடுங்குங்கள், சகோதரரே. நாம் கூலி பிடித்துவைத்த கை எழும். நாம் அறைந்த கன்னம் எழும். பின்கட்டில் தனித் தட்டில் சோறு வாங்கிய வேலைக்காரம்மா எழுவாள். மருந்துக்குக் காசில்லை என்று சொல்லிவிட்டு நாம் நிலம் வாங்கிய அந்த வருஷத்தில் இருமி இருமி அடங்கிய தகப்பன் எழுவான். தழும்போடு எழுவார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்காக ஒரு சுவர் எழுப்பப்பட்டது நாடறிந்த சேதி. அந்தச் சுவர் ஓரூரில் மட்டும்தானா? செங்கல் இல்லாமலே நாம் கட்டி வைத்திருப்பவை எத்தனை! புதைக்கும் இடத்துக்கு ஆதிக் கிறிஸ்தவர் வைத்த கிரேக்கப் பெயருக்கு உறங்கும் இடம் என்று அர்த்தம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் உறங்கும் அறைக்கு நடுவே சுவர் எதற்கு? எக்காளம் ஊதும்போது இந்தப் பக்கத்துக்கு ஒரு தரம், அந்தப் பக்கத்துக்கு ஒரு தரம் ஊதுவார்கள் என்று நினைத்தோமா?

பவுல் நிருபத்துக்கே வருகிறேன். எக்காளம், அழியாமை, தோற்றுப்போன மரணம் என்று மலை உச்சிக்குப் போன எழுத்து, உங்கள் பாடு வீணாகாது என்று ஒரு வரி இறங்குகிறது; அடுத்த வரியில் பணத்தைப் பற்றிப் பேசுகிறது. எருசலேமில் வறுமைப்பட்ட விசுவாசிகளுக்கான தர்மப்பணம். நடுவில் 16-ஆம் அதிகாரம் என்று நாம் பார்க்கும் எண் பவுல் போட்டதல்ல. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. கொரிந்தியர் அதைக் கேட்டபோது மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. வாரத்தின் முதல் நாளில், அதாவது ஆண்டவர் எழுந்த அதே நாளில், அவனவன் வரவுக்குத் தக்கதை எடுத்து வைக்கவேண்டும். தான் வந்து நின்றபிறகு வசூல் நடக்கக் கூடாது என்கிறார். உயிர்த்தெழுந்த நாளைக் கணக்கு நாளாக்கினார். நாமோ அதைப் பிரியாணி நாளாக்கிவிட்டோம். (எனக்கும் பிரியாணி பிடிக்கும்; அது வேறு பேச்சு.)

பிறகு பார்க்கலாம் என்கிறோம். பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் அண்ணனோடு ராசியாகிறேன். வீட்டுக் கடன் அடையட்டும், அப்புறம் அந்தப் பாக்கியைக் கொடுக்கிறேன். ஓய்வு பெறட்டும், அப்புறம் அம்மாவோடு இருக்கிறேன். பிரியமானவர்களே, உயிர்த்த ஆண்டவரை 500-க்கும் மேற்பட்டவர்கள் ஒருமிக்கக் கண்டார்கள் என்று எழுதிய பவுல், பெரும்பாலோர் இன்னும் இருப்பதாகவும் சிலர் நித்திரையடைந்துவிட்டதாகவும் உடனே சேர்த்துக்கொள்கிறார். கண்ட சாட்சிகளே இருபத்தைந்து வருஷத்துக்குள் குறையத் தொடங்கிவிட்டார்கள். போன ஈஸ்டருக்கு நம் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றவர்களில் எத்தனை பேர் இந்த ஈஸ்டருக்கு மண்ணுக்குள் இருக்கிறார்கள்? எண்ணுங்கள். பெயர் சொல்லி எண்ணுங்கள். அவர்களில் ஒருவரிடமாவது மன்னிப்புக் கேட்க மறந்தோமா? கல்லறைக் கல்லிடம் கேட்ட மன்னிப்புக்குக் கல் பதில் சொல்லாது.

ஆகவே இன்றைக்கே. நாளைச் சம்பளத்தில் அல்ல, இன்றைக்கே கூலியைக் கொடுங்கள். அடுத்த சபைக் கூட்டத்தில் அல்ல, இன்றைக்கே அந்தச் சுவரைப் பற்றி வாய் திறங்கள். இந்த ஞாயிறு தோட்டத்தில் மூன்று கல்லறை தள்ளி உங்கள் தம்பி நிற்பான். நிலத்தகராறில் ஆறு வருஷமாகப் பேசாத தம்பி. இருவர் கையிலும் மெழுகுவர்த்தி எரியும். அவனுடையது காற்றில் அணைந்திருந்தால் உங்களுடையதைச் சாய்த்துப் பற்றவையுங்கள். அணையாமல் இருந்தால் உங்களுடையதை அணைத்துக்கொண்டு போய் அவனிடம் நெருப்புக் கேளுங்கள்.