அறியாமைக்கு இட்ட பெயர்

ஓர் இணையதளத்துக்கு ஒருவர் வருகிறார். எங்கிருந்து வந்தார் என்ற தடயம் அவருடைய உலாவி அனுப்பிய தகவலில் இல்லை. வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் அவரை 'டைரக்ட்', அதாவது 'நேரடி', என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறது. முகவரியைத் தாமே தட்டச்சு செய்து நேராக வந்தவர் என்று அறிக்கையைப் படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். உண்மையில் வாட்ஸ்அப் இணைப்பு, மின்னஞ்சல் செயலி, பிடிஎஃப் கோப்பு, பாதுகாப்பான தளத்திலிருந்து பாதுகாப்பற்ற தளத்துக்குத் தாவும் சொடுக்கு ஆகியவற்றின் வழியே வருவோரில் பலரும் இதே கணக்கில்தான் விழுகிறார்கள். பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் தொழிற்பழகுநர் அறிவிப்பு நெய்வேலியில் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போய், அதன் வழியே நூறு பேர் வந்தாலும், நூறு பேரும் தாமாகவே வந்தவர்களாகப் பதிவாகலாம். இதைக் கருவியின் கோளாறு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. காரணம் தென்படாதபோது என்ன சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது என்பது மிகப் பழைய கேள்வி. நெய்வேலியைச் சூழ்ந்த மண்ணில் அதை ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

பெண்ணாடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தவர் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார். அவருடைய மாணவர் அருள்நந்தி சிவாச்சாரியார் திருத்துறையூர்க்காரர். அவர் எழுதிய சிவஞான சித்தியார் இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், எதை எந்தச் சான்றால் அறியலாம் என்ற அளவைகளை எடுத்துக்கொள்கிறது. இன்மையை அறியும் அபாவமும் அங்கே பேசப்படுகிறது. இந்தியத் தருக்க மரபு இதற்கு ஒரு நிபந்தனை வைத்தது: பொருள் இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலையில்தான், காணாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சமான அறையில் தரைமேல் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 'டைரக்ட்' என்னும் தீர்ப்பு இந்த நிபந்தனையில் தோற்கிறது. அனுப்பிவைத்த இடம் என ஒன்று இருந்தாலும் பதிவாகாத வழிகள் பல இருக்கும்போது, பதிவு இல்லை என்பதைக் கொண்டு இடமே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இதைவிடக் கூர்மையான ஒன்றைச் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த, அதே மரபைச் சேர்ந்த உமாபதி சிவம் சொல்கிறார். இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதை மறைப்பதில்லை. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது திருவருட்பயனில் அவர் காட்டும் வேறுபாடு. 'தெரியவில்லை' என்று எழுதிய கட்டம் இருளைப் போன்றது. பார்ப்பவருக்குத் தேடத் தோன்றும். 'நேரடி' என்று எழுதிய கட்டம் தன் அறியாமையையே மறைத்துவிடுகிறது. விடை கிடைத்துவிட்டதாக நம்புகிறவர் மேற்கொண்டு எதையும் தேடமாட்டார்.

தேடியதன் பயனை நெய்வேலியே காட்டுகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருளும் வந்தது. சேறு என்று பெயரிட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவர் அரசுக்குத் தெரிவித்தார், ஆய்வுகள் நடந்தன, 1956இல் நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று, 1962இல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் பிறந்தது. வந்த பொருளிலேயே வந்த இடத்தின் அடையாளம் இருந்தது. இணைய வருகைக்கும் இது பொருந்தும். முகப்புப் பக்கத்துக்கு வந்தவர் முகவரியை அறிந்து வந்திருக்கலாம். நீண்ட உள்முகவரி கொண்ட பக்கத்தில் நேரே இறங்கியவர் அதைக் கையால் தட்டச்சு செய்திருப்பது அரிது. ஒரு மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் குவியும் கூட்டம், பகிரப்பட்ட இணைப்பைச் சுட்டுகிறது. நாமே அனுப்பும் இணைப்புகளில், வந்த வழியைக் காட்டும் யுடிஎம் குறியைச் சேர்த்தால் ஐயத்தில் ஒரு பகுதி தீரும்.

கணக்குக்கு ஏதோ ஒரு பெயர் வேண்டும், அதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். பெயரை நம்பித்தான் பணமும் உழைப்பும் பங்கிடப்படுகின்றன. பத்து குழுக்களுக்குச் செய்தியை எடுத்துச் சென்றவரின் பங்கு, பொய்ப் பெயரால் இல்லாமற்போகிறது. சித்தாந்தமே காணாத காரணத்துக்கு இறைவன் என்று பெயரிடவில்லையா என்ற தடை இன்னும் வலுவானது. ஆனால் மெய்கண்டார் காணாமையிலிருந்து வாதத்தைத் தொடங்கவில்லை. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதாகிய காணும் காரியத்திலிருந்து தொடங்குகிறார். அந்த முடிவை ஏற்காதவரும் அவர் சான்று காட்டியே பேசினார் என்பதை மறுக்க முடியாது. வந்த வழியைச் சொல்லாமல் இருப்பது வருபவரின் உரிமை என்பது மூன்றாவது தடை. அந்த உரிமையைக் காப்பதும் 'தெரியவில்லை' என்ற சொல்தான். அவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதுவது அதைப் பறிக்கிறது.

எல்லாம் அறிதல் பதியாகிய இறைவனுக்கே உரியது, உயிரின் அறிவு எல்லைக்கு உட்பட்டது என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. எல்லைக்குட்பட்ட அறிவுக்கு ஒரு கடமை உண்டு: தன் எல்லையைத் தானே எழுதிவைப்பது. அறிந்தது, சான்றால் ஊகித்தது, அறியாதது என மூன்று கட்டங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் கணக்கே நேர்மையான கணக்கு. கோயிலில் கண்மூடி நிற்பவருக்கும் அலுவலகத்தில் அறிக்கை எழுதுபவருக்கும் இந்த ஒழுக்கம் ஒன்றுதான்.