துரைக்கு மட்டும்தான் ஆவியா?

மலைநாட்டில் பழைய தோட்ட பங்களா ஒன்று விடுதியாக மாறும்போது கூரை, குளியலறை, பேய் ஆகிய மூன்றும் புதுப்பிக்கப்படும். இரவுச் சாப்பாடு முடிந்து கணப்படுப்பைச் சுற்றி விருந்தினர் உட்கார்ந்ததும் பேயின் முறை வரும். என்றோ இறந்துபோன வெள்ளைக்காரத் துரை விறாந்தையில் நடப்பார். அவருடைய துரைசாணி பூட்டிய அறையில் பியானோ வாசிப்பார். டிசம்பரில் இந்தக் கதைகளுக்குக் கிராக்கி அதிகம். வாசலில் நட்சத்திர விளக்கு, கூடத்தில் சைப்பிரஸ் மரம், அதில் வெள்ளிச் சரிகை, மேசையில் நத்தார் கேக், வெளியே வடகீழ்ப் பருவ மழை. இதற்குமேல் ஓர் ஆவியும் இருந்தால், கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்களுக்குக் கொடுத்த காசு செரித்துவிடும்.

இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்திய ஆபிரகாம் கோவூர் இருந்திருந்தால் இந்தத் துரையை ஒரே இரவில் விரட்டியிருப்பார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் ஒன்றைச் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டவர் அவர். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. ஆகவே ஆவி உண்டா இல்லையா என்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு பேச்சுக்கு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எனக்கு ஒரு கேள்வி: மாத்தளை மலைகளில் ஒரு கூலிக்காரனின் ஆவிகூட ஏன் இல்லை?

ஆள் கணக்குப் பார்த்தால் இங்கே துரைமார் ஆவிகளுக்கு நிற்க இடம் இருக்கக் கூடாது. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்கு முந்திய நாற்பது வருடங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த சனங்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாகத் தம்புள்ளை, நாலந்தா வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடை. கோப்பித் தோட்டங்களுக்கு இந்த ஊர்தான் வாசல். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பல்லாயிரம் பேரைத் தின்றன. விழுந்தவர்கள் விழுந்த இடத்தில் கிடந்தார்கள், கூட்டம் நகர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் கோப்பித் தொழிலாளர் பற்றி டொனோவன் மோல்ட்ரிச் 1989இல் ஒரு நூலே எழுதினார். அந்தச் சாலையில் இன்று சொகுசு வான்கள் ஓடுகின்றன. ஒரு சாரதிகூட அங்கே வெள்ளைச் சேலையைக் கண்டதாகச் சொல்லக் கேட்டதில்லை.

காரணம் எளியது. துரைக்குக் கல்லறை உண்டு, கல்லில் பெயர் உண்டு, பிறந்த நாளும் இறந்த நாளும் உண்டு. ஆவியாக அலைவதற்குக்கூட ஒரு விலாசம் வேண்டும். பேய்க்கதை செத்தவர்களைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. யாருடைய சாவை நாம் சாவாகக் கணக்கில் எடுத்தோம் என்பதைச் சொல்கிறது. மூடநம்பிக்கைக்கும் ஒரு பேரேடு இருக்கிறது. அதிலும் கூலி விடுபட்டுப் போயிருக்கிறான்.

பேயை நம்பாத படித்தவர்கள் இந்த இடத்தில் நிம்மதியாகச் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம், அவர்களுக்கும் ஒரு பேய் இருக்கிறது. அதன் பெயர் பாரம்பரியம். அற்புதம் செய்கிறேன் என்று வரும் சாமியாரிடம் ஆதாரம் கேட்கும் அதே ஆள், ‘பாரம்பரியக் கட்டடம்’ என்ற பலகையைக் கண்டதும் செருப்பைக் கழற்றாத குறையாக உள்ளே போகிறார். அங்கே எதையும் கேட்பதில்லை.

பங்களாவின் ‘பழம்பெரும் நத்தார் மரபை’ எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 25 என்ற தேதி விவிலியத்தில் இல்லை. கிறிஸ்மஸ் மரம் ஜெர்மன் வழக்கம். விக்டோரியா மகாராணியும் குடும்பமும் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒன்றை இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் 1848 டிசம்பரில் அச்சிட்டது. அதற்குப் பிறகுதான் ஆங்கிலேயரின் மாளிகைகளிலும், பின்னர் நடுத்தர வீடுகளிலும் அந்த மரம் பரவலாக முளைத்தது.

அதே 1848இல் மாத்தளையில் என்ன நடந்தது? 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத கண்டிய நிலங்களை முடிக்குரியவை ஆக்கியிருந்தது. அந்தக் காடும் சேனை நிலமும் கோப்பிக்காக விற்கப்பட்டன. பிறகு துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை. ஜூலை கடைசியில் சனம் எழுந்தது. தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினார்கள், மாத்தளை அரசாங்கக் கச்சேரியைச் சூறையாடினார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி கிளர்ச்சித் தலைவர் வீர புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். லண்டனில் மகாராணியின் மரம் அச்சேறியது அதற்கு நான்கு மாதம் கழித்து.

ஆகவே பங்களாவில் நிறுத்தப்படும் மரத்தின் வயதும் பங்களாவின் நிலம் பறிபோனதன் வயதும் ஏறக்குறைய ஒன்று. முதலாவதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்து அறை வாடகையில் சேர்க்கிறோம். இரண்டாவதைப் பழங்கதை என்று தள்ளுகிறோம். பகுத்தறிவு என்றால் இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்பது. ஒன்று பழசு என்பதால் மதிப்புப் பெறுமானால், மற்றது பழசு என்பதால் எப்படி மதிப்பு இழக்கும்?

அது உண்மையிலேயே பழங்கதைதானா என்றும் பார்க்கலாம். எல்கடுவ, ரத்தோட்டை, கம்மடுவைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்கும் போங்கள். பங்களா மேட்டில் இருக்கும்: காற்று, காட்சி, வடிகால், மூன்றும் பார்த்துக் கட்டியது. தொழிலாளரின் வரிசை வீடான லயன் சரிவிலோ ஓடைக்குப் பக்கத்திலோ இருக்கும். ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு ஒடுங்கிய வாசல். அந்தக் கணக்கில் கட்டிய லயன்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் மாத்தளை உட்பட மலை மாவட்டங்கள் சரிந்து, நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டபோது, மேடு எது, சரிவு எது என்பது கட்டடக்கலைக் கேள்வியாக இருக்கவில்லை.

அடுத்து, சம்பளம். 2024 செப்டம்பர் வர்த்தமானி தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக நிர்ணயித்தது. நீங்கள் நத்தார் இரவுக்குக் கட்டிய அறை வாடகையை அந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கூடியதைச் சேர்த்துக்கொண்டாலும் விடை பெரிதாக மாறாது. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடும் வழக்கத்தையும் மறக்க வேண்டாம். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள்தான் நின்றாள் என்று எழுதும் கணிதம் அது. தண்ணீரைத் திராட்சை ரசம் ஆக்கியதை நம்பாதவர்கள், முழு ஆளை அரை ஆள் ஆக்கும் இந்த அற்புதத்தை மட்டும் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள்.

லயனிலும் பண்டிகை உண்டே என்பார்கள். உண்டு. அது எப்படி வருகிறது தெரியுமா? தீபாவளி முற்பணமாக வருகிறது, வேதக்காரக் குடும்பங்களுக்கு நத்தார் முற்பணமாக வருகிறது. பிள்ளைக்குச் சட்டை, ஒரு கிலோ கோழி, பலகாரம், கொஞ்சம் வெடி. அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தில் கழிவு தொடங்கும். மேட்டில் பண்டிகை விற்பனைக்கு, சரிவில் பண்டிகை கடனுக்கு. அமெரிக்க அடிமைத்தனத்திலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில், கிறிஸ்மஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே எசமானர்கள் கொடுத்த விடுமுறையைப் பற்றிக் கசப்பாகச் சொல்கிறார்: கலக உணர்வை அடக்கி வைக்க அதைவிடச் சிறந்த கருவி அவர்களிடம் இல்லை. நம் தோட்டம் அடிமைப் பண்ணை இல்லை என்று யாராவது திருத்தலாம். சரி. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, கடன் தீர்ந்ததற்கான துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த ஆளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

பங்களாக் கூடத்தின் மூலையில் மாட்டுக்கொட்டில் ஒன்றும் வைப்பார்கள்: வைக்கோல், பொம்மை ஆடுகள், நடுவே குழந்தை. அந்தக் கதையை லூக்கா எழுதியபடி பார்த்தால், ஓர் அரச கட்டளையில் தொடங்குகிறது. எல்லாரும் தம் பூர்வீக ஊருக்குப் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். நிறைமாதக்காரி நடக்கிறாள், தங்க இடமில்லை. வரலாற்றாசிரியர்கள் இந்தப் பதிவை ஏற்கத் தயங்குகிறார்கள். குழந்தை பிறந்தபோது ஆண்டதாகச் சொல்லப்படும் ஏரோது செத்தது கி.மு. 4இல், ரோம ஆளுநர் குரேனியுவின் குடிக்கணக்கு கி.பி. 6இல். ஆதாரம் இடிக்கிறது.

ஆதாரம் இடிக்காத ஒரு பதிவு நம்மிடம் இருக்கிறது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், உன் அப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, நிரூபி என்றது. பிறப்புச் சான்று என்ற ஒன்றையே காணாத தலைமுறைகளின் பிள்ளைகளிடம் கேட்டது. ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் போனார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். முழுத் தீர்வுக்கான சட்டம் வந்தது 2003இல். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்துக்காகக் கூடத்தில் கொட்டில் கட்டி உருகுகிறவர்கள், சன்னலைத் திறந்தால் தெரியும் லயனைப் பார்த்து உருகாதது ஏன்? நிரூபிக்க முடியாத துயரம் நம்மிடம் எதையும் கேட்காது. நிரூபணம் உள்ளது பாக்கி கேட்கும்.

மறுப்புகள் வரும். விடுதி வேலை கொடுக்கிறதே என்பது முதலாவது. கொடுக்கிறது. லயத்துப் பையன் கறுப்புக் காற்சட்டை போட்டுத் தட்டு ஏந்துகிறான், கொழுந்து எடுப்பதைவிட அவனுக்கு அது மேல். ஆனால் ஒருவனுக்கு வேலை கொடுத்ததால் அவன் பாட்டியின் கதையை வெட்டி எடுக்கும் உரிமை வந்துவிடாது. கல்லும் மரமும் என்ன பாவம் செய்தன என்பது இரண்டாவது. ஒன்றும் செய்யவில்லை. பங்களாவை இடிக்கச் சொல்லவில்லை, விளக்கை அணைக்கவும் சொல்லவில்லை. அழகு அழகுதான். அதன் விலைச்சீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு விற்பதுதான் பிசகு.

இதைப் படித்து வெள்ளைக்காரனைத் திட்டியபடி எழுந்து போகப் பார்க்கும் தமிழரும் கொஞ்சம் உட்காரலாம். காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார் மாளிகைகளில் பொங்கலுக்குக் கோலமிட்டு வாழையிலை போட்டு விருந்து வைக்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூணைத் தடவி நாமும் பெருமைப்படுகிறோம். அந்தத் தேக்கோடு கப்பலேறி வந்த வட்டியை யார் கட்டினார்கள்? கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார் கைநிலம், உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத உழவர்களின் வயல்கள் கைமாறி, 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்து ஆனது. சிங்களப் பிரபுக்களின் வளவ்வ மாளிகைத் தூண்களை ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் தாங்கியது. தோட்டத்துக்குள்ளேயே ஆள் சேர்த்துவந்த பெரியகங்காணிமார் தம் சனத்தின் தலைக்கு இவ்வளவு என்று காசு எண்ணினார்கள். மாளிகைக்கு மொழி கிடையாது.

கணக்குக் காட்டினால் மாளிகை இடிந்துவிடாது. இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் 2020 செப்டம்பரில், தன் பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனியத்துடனும் அடிமை வாணிபத்துடனும் இருந்த தொடர்பை வெளியிட்டது. சிலர் கொதித்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த மாளிகைகளில் மரம் நிற்கிறது, கூட்டமும் வருகிறது. அமெரிக்காவின் லூசியானாவில் 2014இல் திறந்த விட்னி பண்ணை இன்னும் ஒரு படி போனது. அங்கே எசமானின் வீடு துணைக்கதை, அடிமைகளின் வாழ்க்கைதான் முதன்மைக்கதை.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் 2007இலிருந்து தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று லயன் அறைகளிலேயே இயங்குகிறது. மாத்தளை நகரில் 108 அடிக் கோபுரத்தோடு முத்துமாரியம்மன் கோயில் நிற்கிறது. அங்கே அம்மன் இருக்கிறாளா என்று என்னைக் கேட்டால் இல்லை என்பேன். ஆனால் நடந்து வந்தவர்கள் தமக்கென்று எழுப்பிக்கொண்ட சாட்சி அதுதான். 1983 இனக்கலவரத்தில் அதன் தேர்களைக் கொளுத்தியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. சாமி கும்பிடாதவனும் அந்த வாசலில் ஐந்து நிமிடம் நின்று வரலாம்.

ஆகவே டிசம்பரில் பங்களாவுக்குப் போகிறவர்கள் போங்கள். கேக் சாப்பிடுங்கள். அதற்குமுன் விடுதிக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இந்தத் தோட்டத்தின் பழைய செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, எங்கே இருக்கிறது? துரைமாரின் பெயர்ப் பட்டியல் தொங்கும் சுவரில், காடு வெட்டி இதைத் தோட்டம் ஆக்கியவர்களின் பெயர்கள் எப்போது ஏறும்? சரிவில் உள்ள லயன்காரர்களுக்கு உறுதியோடு ஏழு பேர்ச் காணி கிடைத்துவிட்டதா? பதில் இருந்தால் அந்த வீட்டைப் பாரம்பரியம் என்று தாராளமாக அழையுங்கள். பதில் இல்லாவிட்டால் வாடகையைக் கட்டுங்கள், தூங்குங்கள், காலையில் கிளம்புங்கள். மரியாதையை மட்டும் அங்கே வைத்துவிட்டு வராதீர்கள்.