சூரைச்செடியின் கீழ் ஓர் அப்பம்

கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயத்துக்கு அக்டோபர்தான் மாதம். 17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனின் சேசு சபைக் குருக்கள் ஊன்றிய விசுவாசம். இன்று அது பசிலிக்கா. செபமாலையில் செவ்வாயும் வெள்ளியும் துயர் நிறை மறையுண்மைகளுக்கு உரியவை. அவற்றில் முதலாவது, இயேசு கெத்சமனித் தோட்டத்தில் இரத்த வியர்வை வியர்த்தது. சாகும் அளவுக்கு மனம் துயரத்தில் ஆழ்ந்திருப்பதாக அவரே சீடர்களிடம் சொன்ன இரவு அது. விழித்திருந்து துணை இருக்கும்படி மூன்று நண்பர்களைக் கேட்டார், அவர்கள் தூங்கிப்போனார்கள். பிள்ளைகளுக்கும் மனப்பாடமான காட்சிதான் இது. ஆனாலும் அதே ஊரில், அதே செபமாலையை உருட்டும் ஒருவருக்கு மருத்துவர் மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அந்த அட்டை பீரோவில் துணிகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. சர்க்கரை மாத்திரை டிவி மேல் இருக்கும், பிரஷர் மாத்திரை சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். இதற்கு மட்டும் ஏன் ஒளிவிடம்? வெட்கம் ஒரு காரணம். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி அரித்துக்கொண்டிருக்கிறது: மனசுக்கு மாத்திரை போடுவது விசுவாசக் குறைவா? கோயிலுக்குப் போகிறவருக்கும் தர்காவுக்குப் போகிறவருக்கும் இதே கேள்விதான், வார்த்தை மட்டும் வேறு.

விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் தங்கள் வேதத்தையே கவனித்துப் படிக்கவில்லை என்பது என் கருத்து. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் மருத்துவருக்கு மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது, மருந்தை மண்ணிலிருந்து தந்தவர் ஆண்டவரே என்கிறது, நோயில் மன்றாடவும் சொல்லி மருத்துவருக்கு இடம் விடவும் சொல்கிறது. இந்த நூல் சீர்திருத்த சபைகளின் பைபிளில் இல்லை. 'ஜெபம் போதும்' என்ற குரல் அந்தப் பக்கத்து ஜெப வீடுகளில் சற்று ஓங்கிக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. போகட்டும், எல்லாருக்கும் பொதுவான பைபிளிலேயே சாட்சி இருக்கிறது. எசேக்கியா அரசன் சாகக் கிடக்கிறான், சுவர்ப்பக்கம் திரும்பி அழுது மன்றாடுகிறான், இறைவன் அவன் கண்ணீரைக் கண்டு பதினைந்து ஆண்டு ஆயுளைக் கூட்டித் தருகிறார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் வாக்குறுதியைக் கொண்டுவந்த அதே இறைவாக்கினர் எசாயா, அத்திப்பழத்தை நசுக்கிக் கொண்டுவந்து கட்டியின்மேல் வைத்துக் கட்டச் சொல்கிறார். மன்றாட்டு கேட்கப்பட்ட பிறகும் பத்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் யாருடைய விசுவாசமும் குறைந்துவிடவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். கட்டி உடம்பில் வருவது, அதற்குப் பத்து சரி. மனச்சோர்வு ஆன்மாவின் விஷயம், அங்கே மருந்துக்கு என்ன வேலை? கொங்கு நாட்டுப் பேச்சே இந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. இங்கே உடம்புக்கு 'மேல்' என்று பெயர். 'மேலுக்கு முடியலீங்க' என்று சொல்லி வருகிறவரிடம் நாலு கேள்வி கேட்டால், தலைபாரம், அசதி, நெஞ்சடைப்பு, விடிகாலை மூன்று மணிக்குக் கலைந்துபோகும் தூக்கம் எனப் பட்டியல் நீளும். அத்தனையும் மேலில்தான், துக்கம் என்ற சொல் கடைசியில்தான் வரும், வராமலே போவதும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாசும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார். ஆன்மாவும் உடலும் சேர்ந்த ஒரே பொருள்தான் மனிதன் என்றவர் அவர். தம் இறையியல் தொகுப்பில் துயரத்துக்கு ஐந்து பரிகாரம் சொல்கிறார்: இன்பம், கண்ணீர், நண்பரின் பரிவு, உண்மையைத் தியானிப்பது, கடைசியாகத் தூக்கமும் குளியலும். திருச்சபையின் ஆகப் பெரிய இறையியலாளர் துக்கத்துக்குக் குளிக்கச் சொன்னார் என்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உடம்பின் வழியாக மனசைத் தொடலாம் என்பதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

எதிர்த்திசையிலிருந்தும் பார்க்கலாம். மஞ்சள்காமாலைக் கிருமிகளில் ஒன்றான ஹெபடைட்டிஸ் சி-க்குப் பல ஆண்டுகள் இன்டர்பெரான் ஊசி போட்டார்கள். அதுவரை நன்றாக இருந்தவர்களில் பலர் அந்த ஊசியால் மனச்சோர்வில் விழுந்தார்கள். மருத்துவ உலகம் நன்கறிந்த பின்விளைவு அது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனம் தாழ்ந்துபோகும். ஓர் ஊசியும் ஒரு சுரப்பியும் விசுவாசியைப் பாதாளத்தில் தள்ள முடியுமென்றால், அங்கே கிடப்பவரைப் பார்த்து 'உன் பாவம், உன் ஜெபக் குறைவு' என்று சொல்ல யாருக்கு உரிமை? 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது தலைகீழாக நடந்தது: காசம் தீருமுன்னே நோயாளிகளின் முகம் தெளிந்தது, பசி எடுத்தது. மனச்சோர்வு மருந்துகளின் கதை அந்த வார்டில் தொடங்கியது என்று சொன்னால் பெரிய தவறில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும், கடும் உளக் கலக்கம் தற்கொலையில் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 2282ஆம் எண்ணில் ஒப்புக்கொள்கிறது. இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் அதே திசைக்கு வந்து சேர 2017 ஆயிற்று.

நம்பிக்கையால் குணமாகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அதை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. பெங்களூர் நிமான்ஸ் மருத்துவர் ரகுராமும் சக ஆய்வாளர்களும் தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துச்சாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே விசேஷச் சடங்கு எதுவுமில்லை. மிரட்டல் இல்லாத இடம், கோயிலின் அன்றாட வேலை, கூடவே தங்கும் உறவினர் ஒருவர், அவ்வளவுதான். முந்திய ஆண்டு 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் வெந்து மடிந்தார்கள். இரண்டு இடத்திலும் நம்பிக்கை இருந்தது. ஒன்றில் அது துணையாக வந்தது, மற்றதில் சங்கிலிக்குச் சாக்காகிவிட்டது. பிற்பாடு ஏர்வாடியில் துவாவையும் மருந்தையும் ஒரே வளாகத்தில் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் வந்தது. எசாயாவின் அத்திப்பழப் பத்தைத்தான் அது இன்னொரு மதத்தின் மொழியில் செய்கிறது.

மாத்திரை தொடங்குவதற்கு முன் மருத்துவர் சொல்ல வேண்டியதும் நோயாளி கேட்க வேண்டியதும் இருக்கின்றன. மதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறோம், உண்மையில் சிக்கலே அங்கேதான் முளைக்கிறது. எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூயாக்ஸிடின் போன்ற மாத்திரைகள் தலைவலி மாத்திரைபோல் அரை மணியில் கேட்பவை அல்ல. பலன் தலைகாட்டவே இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். பின்விளைவோ முதல் வாரத்திலேயே வாசலில் நிற்கும். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, வாய் உலர்தல், சிலருக்குத் தூக்கம் கெடுதல், சிலருக்குப் பட்டப்பகலில் தூக்கம், காரணமில்லாத ஒரு படபடப்பு. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் உண்டு. இதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லாமலே பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். ஆக, முதல் இரண்டு வாரம் நோயும் இருக்கும், அதன்மேல் மருந்தின் தொல்லையும் சேரும், லாபக் கணக்கில் ஒன்றும் இராது. சோமனூர்ப் பக்கம் தறிக் குடோனில் இரவு ஷிப்ட் நிற்பவரை எண்ணிப் பாருங்கள். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிந்து ஓட்ட வேண்டும். கண் சொக்கினால் துணி கெடும், கூலி பிடிப்பார்கள், கை சிக்கினால் அதைவிட மோசம். அவர் மூன்றாம் நாள் மாத்திரையைக் குப்பையில் போட்டால் அது அவரது பலவீனமா? தூக்கம் வந்தால் மாத்திரை நேரத்தை மாற்றலாம், குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், அரை மாத்திரையில் தொடங்கலாம் என்று மருத்துவரிடம் பேச ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காத இடத்தில்தான், 'பார்த்தாயா, கடவுளை விட்டு மாத்திரையை நம்பினாய்' என்ற குரல் நுழைகிறது.

இந்த இடைக்காலத்துக்கு மதமரபு சொல்ல ஒன்று வைத்திருக்கிறது, அதுவும் கருமத்தம்பட்டிக்கு விசுவாசம் கொண்டுவந்த சபையின் நிறுவனரிடமிருந்தே. லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் பாவ அச்சத்தால் வதைபட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் உந்துதல் வரை போனவர். தம் வாழ்க்கை வரலாற்றில் அதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இறைவன் விடுவிக்கும் வரை உண்ணமாட்டேன் என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். ஞாயிறன்று பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு, இன்னும் உருக்கமாகச் செபிக்கச் சொல்லவில்லை. போய்ச் சாப்பிடு என்று கட்டளையிட்டார். பின்னாளில் ஆன்மிகப் பயிற்சிகளில் இஞ்ஞாசியார் எழுதிவைத்த விதி ஒன்று: மனம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில், முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. அவர் நினைத்தது ஆன்மாவின் வறட்சியை, மருத்துவர் சொல்லும் நோயை அல்ல. இரண்டையும் ஒன்றாக்க நான் வரவில்லை. ஆனால் மாத்திரையின் இரண்டாம் வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை எனக்குத் தெரியவில்லை. 'இனி எதுவும் சரியாகாது' என்று சொல்வது அந்த வாரத்தில் நோயின் வாய். அதன் பேச்சைக் கேட்டு, தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு எல்லாம் வரும். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும். இதைத்தான் ஊரில் 'மாத்திரைக்கு அடிமையாயிட்டான்' என்கிறார்கள். சாராயம்போல் மேலும் மேலும் கேட்க வைக்கும் பழக்கம் வேறு, உடம்பு பழகிய ஒன்றை மெல்ல விடுவது வேறு.

பொறுமை என்ற பெயரில் ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாக இதை யாரும் படிக்க வேண்டாம். 25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004இல் சிறார்களுக்கும், 2007இல் இளைஞர்களுக்கும் சேர்த்து எச்சரிக்கை போடவைத்தது. அப்படி ஓர் எண்ணம், உட்கார முடியாத தவிப்பு, தூக்கமே வேண்டாத அதீத உற்சாகம், உடம்பெல்லாம் தடிப்பு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவர். இரவு நேரத்தில் யாருமில்லையென்றால் அரசின் டெலி-மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். இதை நோயாளி தனியாகக் கவனிக்க முடியாது. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்பு சொல்லும்போது நோயாளி, மருத்துவர், மருந்தோடு, பக்கத்திலிருந்து பார்ப்பவரையும் சேர்த்துக்கொண்டதை நான் வியப்போடுதான் பார்க்கிறேன். கெத்சமனியில் அந்த மூன்று நண்பர்கள் தூங்கிப்போய்க் காலியாக விட்டது அந்த நான்காவது ஆளின் இடத்தைத்தான்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு பக்தர்களிடமிருந்து வருவதில்லை. கூலி உயரவில்லை, கந்துவட்டி ஏறுகிறது, புருஷன் குடிக்கிறான்; இதற்கெல்லாம் மாத்திரையா, அநியாயத்தை மறக்கவைக்கும் மயக்கமா என்று கேட்கிறார்கள். பாதி நியாயம். செரட்டோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு என்ற எளிய விளக்கத்துக்கு உறுதியான சான்றில்லை என்று 2022இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பும் சொல்லிவிட்டது. ஆனால் ஏன் வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி, வேலை செய்கிறதா என்பது வேறு. 2018இல் லான்செட் இதழில் 522 ஆய்வுகளையும் 1,16,477 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாகவே இருந்தன. வித்தியாசம் பெரிதில்லை, இல்லாமலும் இல்லை. லேசான சோர்வுக்கு மாத்திரையை முதலில் எடுக்கவே வேண்டாம் என்பதும் மருத்துவ வழிகாட்டல்தான். உணர்ச்சி மரத்துப்போவதாகச் சிலர் சொல்வதும் பொய்யல்ல, அதற்கும் மருந்தளவையோ மருந்தையோ மாற்றும் வழி உண்டு. மாத்திரை நியாயம் வாங்கித் தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். படுக்கையை விட்டு எழ முடியாதவர் எந்தக் கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போவார் என்பதையும் கேட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எழ முடியாமல் கிடப்பவரை முதலில் எழுப்புவது எப்படி என்பது எலியாவின் கதையில் இருக்கிறது, அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில். அரசிக்குப் பயந்து ஓடிய இறைவாக்கினர் பாலைவனத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வானதூதர் வந்து கண்டிக்கவில்லை, உபதேசிக்கவும் இல்லை. தொட்டு எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். தலைமாட்டில் தணலில் சுட்ட ஓர் அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொள்கிறார். ஒரே வேளையில் ஒன்றும் ஆகிவிடவில்லை. தூதர் இரண்டாம் முறை வந்து தொடுகிறார், போகவேண்டிய தூரம் அதிகம் என்கிறார். அந்த அப்பத்தின் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போய்ச் சேர்ந்த எலியாவை, இங்கே என்ன செய்கிறாய் என்று இறைவன் கேட்கிறார். அவர் தம் குறை முழுவதையும் சொல்கிறார். காற்றும் நிலநடுக்கமும் தீயும் கடந்து போனபின் இறைவன் மறுபடி கேட்கிறார். எலியா அதே குறையை, ஒரு சொல் குறையாமல், மறுபடியும் சொல்கிறார்.