மறைந்த பாதையின் நிறம்

சந்தவாசலில் ரயில் நிலையம் கிடையாது. ஜவ்வாது மலையடிவாரத்து அவ்வூரார் கண்ணமங்கலமோ போளூரோ சென்றுதான் ரயிலேற வேண்டும். காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே முன்பு ஓடியது மீட்டர் கேஜ் வண்டி. அதன் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர்; அகலப்பாதைக்கோ 1,676. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியுந் தறுவாயில் அப்பாதை அகலமாக்கப்பட்டது. தொலைதூர வண்டிகள் வரலாயின, மக்களுக்கு நன்மையே. ஆனால், அவ்வழியே வந்துகொண்டிருந்த ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின்கள் அத்துடன் விடைபெற்றன.

1960களில் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, பின்னர் வாரணாசியிலும் கட்டப்பட்டவை அவை. ஒரே வகையாயினும் நாடெங்கும் ஒரே நிறத்தில் அவை இருந்ததில்லை. பராமரித்த ஷெட் தத்தம் விருப்பப்படி வண்ணம் பூசிற்று, பட்டை தீட்டிற்று. பழகிய கண்ணுக்கு, எஞ்சின் எந்த ஷெட்டுக்கு உரியது என்பதை வண்ணமே சொல்லிவிடும். அந்த வண்ணங்களை இன்றும் நினைவில் வைத்துப் பேசி மகிழ்வோர் உளர். இஃது வீண் வேலையா? இரும்பின்மேல் பூசிய சாயத்தில் என்ன இருக்கிறது என்று கேட்போரும் உளர்.

திருமறையின் 30ஆம் அத்தியாயம், மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. அதை இழுத்து வந்து எஞ்சின் சாயத்துக்குச் சான்றாக்குவது முறையன்று. அத்தகைய வலிந்த விளக்கங்கள் நம்மிடையே ஏற்கெனவே மிகுதி. எனினும், அத்தாட்சி என்ற சொல்லில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அத்தாட்சி தன்னோடு நிற்பதன்று; தனக்கு அப்பாலுள்ள ஒன்றைக் காட்டுவது. நிறத்தை நினைப்பவர், அது காட்டும் திசையில் ஓரடியேனும் செல்கிறாரா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். நார்போக் சதர்ன் என்ற ரயில் நிறுவனம் 2012இல், தன்னுள் கலந்து மறைந்த பழைய நிறுவனங்களின் வண்ணங்களைப் புதிய எஞ்சின்கள் 20க்குப் பூசியது. அவற்றுள் பென் சென்ட்ரலின் கருநிறமும் ஒன்று! 1968இல் பிறந்து 1970இல் திவாலான நிறுவனம் அது. வேலையிழந்தவனுக்கு அந்தக் கறுப்பு எதை நினைவூட்டியிருக்கும்? பழைய உடையை அணிவித்துவிட்டால் பழங்கடன் தீர்ந்ததாகாது. ஆயினும் அறவே மறப்பதைவிட இது மேல் என்றே நாம் கருதுகிறோம். கேள்வி கேட்க ஒரு வாய்ப்பாவது எஞ்சுகிறதன்றோ!

நம் பக்கம் திரும்புவோம். தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றியது 1928இல். 1951 ஏப்ரல் 14இல் அந்நிறுவனமே தெற்கு ரயில்வேயுள் கலந்து மறைந்தது. அதற்கு முன், 1946 செப்டம்பர் 5இல், வேலைநிறுத்தம் செய்த பொன்மலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் உயிர் துறந்தனர். எஞ்சினின் நிறத்தைப் பிசகின்றிச் சொல்லும் நாம், இந்த ஐவரில் ஒருவர் பெயரையேனும் சொல்வோமா?

இதனால், நிறத்தை நினைப்பவரைக் கேலி செய்யலாகாது. நினைவு பெரும்பாலும் கண் வழியேதான் புகுகிறது. ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் நம் மஹல்லாவிலேயே இருக்கக்கூடும். அஸர் தொழுகைக்குப் பின் அவரருகில் அமர்ந்து, அந்த எஞ்சின் பச்சையா, நீலமா, பட்டை எத்தனை விரற்கடை என்று கேட்டுப் பார்க்கலாம். சாயத்தைக் குழைத்தவர் யார், பட்டையைக் கோணாமல் இழுத்தவர் யார் என்று அவர் தாமாகவே சொல்லத் தொடங்குவார்.