திமிர்வாதக்காரனைச் சுமந்த நால்வர்



சேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட சூன் மாதத்தில் வீடுதோறும் படத்தின்முன் விளக்கேற்றிச் செபிக்கிறோம். நல்லது. ஆனால் அந்தத் திரு இருதயத்தை வணங்குகிற நாம், ஆண்டவர் நம் நெஞ்சுக்குள் வைத்த இருதயத்தை எவ்விதம் பேணுகிறோம்?

சில வருஷங்களுக்கு முன், மழைக்கால இரவொன்றில், ஒரு வீட்டார் என்னை அழைக்க ஓடிவந்தார்கள். குடும்பத் தலைவருக்குச் சாயங்காலம் முதல் நெஞ்சுவலி. வாய்வுப் பிடிப்பென்று எண்ணிச் சோடா கொடுத்தார்கள், தைலம் தேய்த்தார்கள், ஓமத் தண்ணீர் காய்ச்சினார்கள். வியர்வை கொட்டிக் கைகால் சில்லிட்ட பிறகே சுவாமியாரை நினைத்தார்கள். நானும் விரைந்து போய் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தேன். கொடுத்து முடித்த பிறகுதான், “வண்டிக்குச் சொன்னீர்களா?” என்று கேட்டேன். ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நான் வாசற்படியிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் ஆத்துமம் பிரிந்தது. முன்னதாகப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் துணியேன். ஆயினும் வீணாய்ப்போன அந்த மணிநேரங்கள் இன்றும் என் மனச்சாட்சியை உறுத்துகின்றன.

கப்பர்நாகும் ஊரில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்ததாக அர்ச். மாற்கு எழுதியிருக்கிறார். வாசலில் பெருங்கூட்டம். “நாளைக்கு வரலாம்” என்று அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து அவனை ஆண்டவர் முன் இறக்கினார்கள். அவர்களுடைய விசுவாசம் அவர்களை வீட்டில் முடக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடச் செய்தது. வைத்தியரைத் தேடுவது விசுவாசக் குறைவென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். வைத்தியனை உண்டாக்கினவரும் சர்வேசுரனே என்று சீராக்கின் ஆகமம் போதிக்கிறது. சுவிசேஷகரான அர்ச். லூக்காஸ் தாமே வைத்தியர்.

ஆகையால் அடையாளங்களை அறிந்துகொள்ளுங்கள். நெஞ்சின் நடுவில் இறுக்கம், இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பாயிருக்கலாம். ஸ்திரீகளுக்கும் நீரிழிவுக்காரருக்கும் கடும் வலியின்றி அசதியும் குமட்டலுமாகவே வருவதுண்டு. வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை விழுந்துபோதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். இரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதமானால், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து 4½ மணி நேரத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் வேண்டும். எனவே விடியட்டும் என்று காத்திராதேயுங்கள். பக்கவாதம் வந்தவர் வாயில் தண்ணீரும் ஊற்றாதேயுங்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

உடனே 108-ஐ அழையுங்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில், 1985-ல் ராஜா முத்தையா பெயரால் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரியாக இருக்கிறது. மாரடைப்புக்காரருக்கு முதல் தவணையாக 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் கொடுத்து மேலே அனுப்பும் “இதயம் காப்போம்” திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. அவற்றை நீங்களாகவே வாங்கி விழுங்கலாகாது. மூளையில் இரத்தம் கசிந்து வந்த பக்கவாதமானால் அதே மருந்து கேடாய் முடியும்.

வந்தபின் ஓடுவதிலும் வருமுன் காப்பது மேல். 2019-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகில் சுமார் 1 கோடியே 79 லட்சம் பேர் இருதய, இரத்தக்குழாய் வியாதிகளால் மாண்டார்கள். இவ்வியாதிகளில் பெரும்பகுதி தடுக்கக்கூடியதே. அந்த நால்வரைப்போல் நம்மைச் சுமக்கக்கூடிய காரியங்களும் நான்கு.

முதலாவது, உப்பைக் குறைத்தல். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும். நாமோ சுத்தபோசன நாளில் மாமிசத்தை விலக்கிவிட்டு, கருவாட்டுக் குழம்போடு ஊறுகாயும் அப்பளமும் சேர்த்துக்கொள்கிறோம். திருச்சபைக் கட்டளையை மீறவில்லை. ஆனால் இரத்தக் கொதிப்புக்கு வழி திறக்கிறோம். ஊறுகாயை விடுவதும் நல்ல தபசுதான்.

இரண்டாவது, பீடி, சிகரெட்டு, புகையிலையை அறவே விடுதல், குடியையும் விடுதல்.

மூன்றாவது, தினம் அரைமணி நேரமாவது வேகமாய் நடத்தல். பூசைக்கு நடந்து வரக்கூடியவர்கள் மோட்டார் சைக்கிளில் வருவானேன்?

நான்காவது, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுதல். அழுத்தம் 140/90-க்கு மேல் நின்றாலும் அநேகருக்கு எந்த உபத்திரவமும் தெரியாது. “இப்போது சுகமாயிருக்கிறேன்” என்று மாத்திரையை நிறுத்துகிறோம். மாத்திரையினால்தான் சுகம் என்பதை மறக்கிறோம். 2021-ல் தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் வரும்போது ஒளிந்துகொள்ளாதேயுங்கள்.

நம் சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயமென்று அர்ச். சின்னப்பர் கற்பித்தார். கொலையை விலக்கும் ஐந்தாம் கற்பனை நம் சொந்த உயிரையும் பேணச் சொல்லுகிறது.

ஆதலால் இரண்டு பிரதிக்கினைகள் செய்வோம். வருகிற முதல் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். திரு இருதயப் படத்தின் கீழே 108 என்று பெரிதாய் எழுதி ஒட்ட வேண்டும். ஆபத்து வேளையில் முதலில் வண்டியை அழையுங்கள். அடுத்தபடியாக என்னை அழையுங்கள். நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரி வாசலுக்கே தைலத்தோடு வந்து சேருவேன்.

சேசுவின் திரு இருதயம் உங்கள் குடும்பங்களைக் காப்பதாக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமியார்