உடைக்குப் பொருள் சொல்லும் அதிகாரம்

1905-இல் பிரான்சில் அரசையும் தேவாலயத்தையும் பிரிக்கும் சட்டம் விவாதத்தில் இருந்தபோது, பாதிரியார்கள் தெருவில் அங்கியோடு நடமாடவே கூடாது என்று ஓர் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். அங்கியைக் கழற்றினால் பாதிரியாருக்கே விடுதலை என்பது அவர் கட்சி. சட்டத்தை முன்னின்று நடத்திய அரிஸ்தீத் பிரியான் மதவாதி அல்லர், ஆனாலும் மறுத்தார். அங்கியைத் தடுத்தால் பாதிரியாரும் தையல்காரரும் சேர்ந்து புதிதாக ஓர் உடையைத் தைத்துவிடுவார்கள் என்றார். திருத்தம் தோற்றது.

அந்தத் தையல்காரர் நூறாண்டு கழித்து வந்து சேர்ந்தார். 1989-இல் பாரிசுக்கு வடக்கே கிரேய் என்ற ஊரில் மூன்று மாணவிகள் முக்காட்டோடு வகுப்புக்கு வந்ததில் தொடங்கிய வழக்கு, 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முடிந்தது. முக்காடு, யூதர்களின் கிப்பா, பெரிய சிலுவை எதுவும் அரசுப் பள்ளிக்குள் கூடாது. சீக்கிய மாணவர்களின் தலைப்பாகையும் அதில் மாட்டிக்கொண்டது. பின்னர் சில மாணவிகள் முக்காட்டை வாசலில் எடுத்துவிட்டு, நீண்ட தளர்ந்த அங்கியோடு உள்ளே போனார்கள். 2023-இல் அரசு அதையும் தடுத்தது.

கணுக்கால்வரை தொங்கும் ஓர் அங்கியை ஒரு மாணவி போட்டால் கோடைக்கால கவுன். இன்னொருத்தி போட்டால் மதச் சின்னம். வாசலில் நிற்கும் பள்ளி ஊழியர் எதை வைத்துப் பிரிப்பார்? துணியை வைத்து முடியாது. கடைசியில் பெயரையும் முகத்தையும்தான் பார்ப்பார். எல்லாரையும் ஒன்றாகப் பார்க்க வந்த சட்டம், ஆளைப் பார்த்துத் துணிக்குப் பொருள் சொல்லும் இடத்துக்கு வந்து நிற்கிறது.

தடையை ஆதரிப்பவர்கள் எல்லாரையும் வெறுப்பாளர்கள் என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். அண்ணனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பயந்து முக்காடு போடும் பெண்கள் உண்டு. பள்ளி ஒன்றுதான் அவர்களுக்கு மூச்சுவிடும் இடம். 2003-இல் பெர்னார் ஸ்தாசி தலைமையிலான குழு இந்தத் தடைக்குப் பரிந்துரை தந்தபோது இந்தக் கவலையும் அதில் இருந்தது. அது பொய்க் கவலை அல்ல. ஆனால் தண்டனை யாருக்குப் போகிறது? மிரட்டிய அண்ணனைச் சட்டம் தொடுவதில்லை. பணிய மறுக்கும் மாணவி வெளியேற்றப்படுகிறாள். அவள் உண்மையிலேயே மிரட்டப்பட்டவள் என்றால், மூச்சுவிடும் அந்த ஓர் இடமும் போயிற்று. 1936-இல் ரேசா ஷா ஈரானில் முக்காட்டைத் தடைசெய்தபோது பல பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். 1979-க்குப் பிறகு வந்த ஆட்சி அதே முக்காட்டைக் கட்டாயமாக்கியது. இரண்டு ஆட்சிகளும் பெண்களின் தலையைத் தங்கள் கொள்கைக்குக் கொடிக்கம்பமாக்கின.

'வந்த நாட்டுக்கு ஏற்ப நடக்க வேண்டாமா?' என்ற கேள்வி இங்கே பாதிதான் பொருந்தும். இந்த மாணவிகளில் பலருக்குத் தாத்தாதான் வந்தவர். இவர்கள் அங்கேயே பிறந்து, பிரெஞ்சிலேயே சண்டைபோட்டு வளர்ந்தவர்கள். ஒன்றிக் கலக்க இவர்களிடம் மிச்சம் என்ன கேட்பது?

அரசு கேட்கத் தகுந்த கேள்விகள் உண்டு: தேர்வறையில் முகத்தைச் சரிபார்க்க முடிகிறதா, சோதனைக்கூடத்தில் துணி தீப்பிடிக்குமா. இவற்றுக்கு யாருடைய இறைநம்பிக்கையையும் துருவ வேண்டியதில்லை. பிரிட்டன் 1976-இல் தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டிலிருந்து விலக்குக் கொடுத்தது. பாதுகாப்பு என்ற வலுவான காரணம் எதிரே நின்றும் வழி பிறந்தது. பிரெஞ்சுப் பள்ளி வாசலில் அவ்வளவு பெரிய ஆபத்தும் எதிரே நிற்கவில்லை.

2004-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு நல்ல வரி இருக்கிறது: ஒழுங்கு நடவடிக்கைக்கு முன் மாணவியோடு பேச வேண்டும். ஆனால் அவள் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் பள்ளி தன் முடிவை மாற்றிக்கொள்ள அந்த வரியில் இடமில்லை.