ஊன் உண்ணும் செடியும் ஊட்டும் கையும்

புதுச்சேரி முல்லா வீதியை அடுத்து நமக்கு வேண்டியவர்களின் இல்லம் ஒன்று உண்டு. அதன் மொட்டை மாடியில் மருதோன்றியும் மல்லிகையும் திருநீற்றுப்பச்சையும் வளர்கின்றன. சில மாதங்களுக்கு முன் அவற்றின் நடுவே புதிய விருந்தாளி ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலமே உள்ள சிறு செடி. இலை நுனிதோறும் பல் வைத்த இரு இதழ்கள் சிப்பியைப் போல் திறந்திருக்கும். வீனஸ் பூச்சிப்பொறி என்று பெயர். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவ்வீட்டுப் பிள்ளை அதனை அஞ்சலில் வரவழைத்திருந்தான்.

நாம் சென்றிருந்த மாலை, பிள்ளை இடுக்கியால் கட்டெறும்பு ஒன்றைப் பிடித்து அவ்விதழ்களுக்கிடையே விட்டான். இதழ்கள் சட்டென மூடின. சுற்றி நின்ற சிறுவர்கள் ஆரவாரம் செய்தனர். அஸர் தொழுதுவிட்டுத் தஸ்பீஹ் மணியோடு மேலே வந்த அவனுடைய உம்மம்மா இதைப் பார்த்துவிட்டார்.

"வாப்பா, அது தானாகப் பிடித்துத் தின்றால் அது ரப்பு அதற்கு எழுதிய ரிஸ்க். நீ பிடித்துப் போடுகிறாயே, அது யார் கணக்கில் எழுதப்படும்?"

பிள்ளையும் சளைத்தவனல்லன். "பூனைக்கு நீங்கள் மீன் போடுவதில்லையா, உம்மம்மா? தொட்டி மீனுக்கு மாமா புழு போடுவதில்லையா?" என்று திருப்பிக் கேட்டான். இருவரும் நம்மைப் பார்த்தனர். அன்று நாம் தேநீரைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றினோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செடி ஊன் உண்ணுகிறது என்பதை ஏற்க அறிஞர்களுக்கே நெடுங்காலம் பிடித்தது. ஆங்கிலேயரான ஜான் எல்லிஸ் இச்செடியைப் பற்றி ஸ்வீடன் நாட்டு லின்னேயஸுக்கு எழுதிய கடிதம் 1770-ல் அச்சேறியது. பூச்சியைப் பிடித்து உணவாக்கும் பொறி இது என்று எல்லிஸ் கருதினார். உலகத் தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிய லின்னேயஸோ அதை ஏற்கவில்லை. தொட்டாற்சுருங்கியைப் போல் இதுவும் தொடு உணர்ச்சியால் சுருங்குகிறது, பூச்சி அடங்கியதும் விட்டுவிடும் என்று எண்ணினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1875-ல், சார்லஸ் டார்வின் தனி நூலே எழுதி ஐயத்தைத் தீர்த்தார். இறைச்சித் துணுக்கையும் முட்டையின் வெண்கருவையும் பனிப்பூண்டின் இலையில் வைத்துப் பார்த்தவர் அவர்.

இச்செடிகள் வேரூன்றும் மண்ணில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. அந்தக் குறையைத்தான் பூச்சியின் உடலிலிருந்து ஈடு செய்கின்றன. மற்றபடி, ஏனைய பச்சிலைகளைப் போல் வெயிலைக் கொண்டே தம் உணவைச் சமைக்கின்றன. பூச்சி கிடைக்காத மாதங்களிலும் அவை வாழும், வளர்ச்சிதான் மெதுவாகும்.

வலை விரிப்பதில் குற்றமில்லை. வலை பின்னும் சிலந்தியின் பெயரால் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ஜாஹிஸ், விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில், ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு இரையாவதை விரிவாக ஆராய்ந்தார். அதிலும் படைத்தவனின் ஏற்பாட்டையே கண்டார். செடிக்கு நாவுமில்லை, நஃப்ஸுமில்லை. அதன் மீது கேள்வி கணக்கு ஏது?

கேள்வி இடுக்கி பிடித்த கையைப் பற்றியது. எறும்பின் பெயராலும் ஓர் அத்தியாயம் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. எறும்பு கடித்ததற்காக அதன் புற்றையே எரிக்கச் செய்த ஒரு நபி, இறைவனால் கண்டிக்கப்பட்ட வரலாறு ஹதீஸ் நூல்களில் வருகிறது. உயிருள்ளதைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இதற்கு ஃபத்வா சொல்வது நம் வேலையன்று. அதற்கு ஆலிம் பெருமக்கள் இருக்கிறார்கள். ஆயினும் பிள்ளையின் வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதை நாம் காண்கிறோம். தொட்டி மீன் நம் கையை நம்பியிருக்கிறது, போடாவிட்டால் செத்துவிடும். திறந்த வெளியில் வெயிலில் வைத்த இச்செடி நம் கையை நம்பியிருக்கவில்லை. அப்படியானால் அந்த எறும்பு செடியின் பசிக்காகப் போடப்படவில்லை. சுற்றி நின்றவர்களின் ஆரவாரத்திற்காகப் போடப்பட்டது.

செடியே இதில் நம்மைவிட நிதானமானது. இதழின் உட்புறம் நுண்ணிய உரோமங்கள் உள்ளன. ஒரு முறை தொட்டால் அது அசையாது. ஏறத்தாழ இருபது விநாடிக்குள் இரண்டாம் முறை தொட்டால்தான் மூடும். மூடிய பின்னும் பற்களுக்கிடையே சந்து இருக்கும். மிகச் சிறிய பூச்சி அதன் வழியே தப்பிவிடலாம் என்பதை டார்வின் எடுத்துக்காட்டினார். உள்ளே அசைவு தொடர்ந்தால் மட்டுமே இறுக மூடிச் செரிக்கத் தொடங்கும். ஒவ்வொரு பொறியும் சில தடவைகளே இயங்கும். வேடிக்கைக்காக விரலால் சீண்டினால் அந்த இலை வீணே கருகிவிடும்.

உம்மம்மா கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு. அதுவே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் ஒரு சிறு வட்டாரமே இச்செடியின் தாயகம். ஆண்டுதோறும் குளிர் காலத்தில் மூன்று நான்கு மாதம் அது உறங்கியாக வேண்டும். புதுச்சேரியில் அதற்குக் குளிர் காலம் எங்கே? உப்பு மிகுந்த நம் குழாய் நீரும் அதற்கு நஞ்சு. மழைநீரோ வாலை நீரோ வேண்டும். கட்டி வைத்த பூனைக்கு உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண்ணின் வரலாறு நாம் அறிந்ததே. செடிக்கும் அது பொருந்துமா என்று கேட்கலாம். உறக்கம் தர முடியாத ஊரில் அதை வாங்கி வைத்துத் தேய்ந்து மடியப் பார்த்திருப்பது, அக்கதைக்கு வெகு தொலைவில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அதன் தாயகத்திலும் திருட்டு மிகுந்ததால், வட கரோலினாவில் அதைக் காட்டிலிருந்து திருடுவது 2014 முதல் கடுங்குற்றம்.

நம் நாட்டிலும் இவ்வினம் உண்டு. மேகாலயக் குன்றுகளின் குடுவைச் செடி அருகிவிட்டது; 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. நம் மூதாதையர் பிழைக்கச் சென்ற மலாய் நாட்டில், குடுவைச் செடியின் கெண்டிகளுக்குள் அரிசியும் தேங்காய்ப்பாலும் இட்டு அவித்துப் பெருநாளுக்கு உண்பார்கள். கெண்டிக்கு வாய்த்த இந்த மாற்று வேலையை எண்ணிச் சிரிக்கிறோம். தமிழகத்தின் மணற்பாங்கான ஈரநிலங்களில், கட்டைவிரல் அளவே உள்ள செந்நிறப் பனிப்பூண்டு, சிலர் அழுகண்ணி என்பர், தன் பசைத் துளிகளோடு தரையோடு தரையாய்க் கிடக்கிறது. அதை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறோம்.

சென்ற வாரம் மீண்டும் அவ்வில்லம் சென்றோம். இடுக்கியைக் காணோம். மழைநீர் பிடிக்கப் பழைய அண்டா ஒன்று மாடியில் வந்திருக்கிறது. குளிரில்லாத ஊர்களில் இச்செடியைக் குளிர்சாதனப் பெட்டியில் உறங்க வைப்பார்கள் என்று பிள்ளை எங்கோ படித்துவிட்டான். குர்பானி இறைச்சி வைக்கும் பெட்டியில் அதற்கு இடம் கேட்டுக் கொண்டிருக்கிறான். உம்மம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.